புதுப்பிப்பு: சர்வரில் காலியாக வந்த ஆவணப் பக்கங்கள், காரணம் கிடைத்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பைத்தான் நிரலிலிருந்து ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியின் ஆட்டோடாக் (நிரலுக்குள் எழுதிய விளக்கங்களைத் திரட்டித் தரும் பகுதி) மூலம் ஆவணம் எடுத்தால் என் கணினியில் ஒழுங்காக வருகிறது, சர்வரில் மட்டும் மூன்று மாட்யூல்களின் (நிரல் கோப்புகளின்) பக்கங்கள் தலைப்போடு நின்றுவிடுகின்றன என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆட்டோடாக் கோப்பை வெறுமனே படிப்பதில்லை, இம்போர்ட் செய்கிறது, அதாவது ஏற்றி இயக்குகிறது. அந்த மூன்று மாட்யூல்களும் நம்பை என்ற கணிதத் தொகுப்பை அழைக்கின்றன; சர்வரில் நம்பை இல்லை. இம்போர்ட் தோற்றதும் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு பில்ட் (ஆவணம் உருவாக்கும் வேலை) வெற்றி என்றே முடிந்திருக்கிறது. நானூறு வரி லாகில் அந்த ஒரு வரியை யார் பார்ப்பது?

ஒருவர் சொன்னபடி நம்பையை மாக் பட்டியலில் சேர்த்தேன்; அதில் உள்ள தொகுப்புக்குப் பதிலாக ஆட்டோடாக் ஒரு போலிப் பொருளை வைத்துக்கொள்ளும். பக்கங்கள் வந்தன. ஆனால் இயல்பு மதிப்பாக நம்பையின் பை (π) கொடுத்த இடத்தில் எண் வரவில்லை, போலிப் பொருளின் பெயர்தான் வந்தது. அதனால் சர்வரிலேயே நம்பையை நிறுவிவிட்டேன். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் பெரிய டபிள்யூ (-W) தேர்வையும் போட்டாயிற்று.

அப்புறம் இன்னொன்று. பக்கங்கள் நிரம்பிய பிறகு உட்கார்ந்து படித்தேன். பயனரைச் சேமிக்கும் ஃபங்ஷனுக்குக் கீழே "பயனரைச் சேமிக்கும்" என்று மட்டும் இருந்தது. அதே மின்னஞ்சல் ஏற்கெனவே இருந்தால் என்ன ஆகும்? அது எங்கும் இல்லை. நிரலைப் பார்த்தால் பழைய பதிவை அழித்து எழுதுகிறது! இன்று அதைத்தான் டாக்ஸ்ட்ரிங்கில், அதாவது நிரலுக்குள் அந்த ஃபங்ஷனுக்கு எழுதும் விளக்கத்தில், முதல் வரியாக எழுதினேன். மீதி ஃபங்ஷன்களையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன்.