மேக்னிட்யூட்: பொலிவெண்ணா, மங்கெண்ணா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு விண்மீன் எவ்வளவு ஒளியோடு தெரிகிறது என்பதைக் குறிக்கும் எண்தான் மேக்னிட்யூட். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா முன்வைத்த ‘ஒளிப்பொலிவெண்’ காதுக்கு இனிமைதான். ஆனால் கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டும்போது அது காலை வாரிவிடுகிறது. பொலிவெண் கூடினால் பொலிவும் கூடும் என்றுதானே எந்தப் பிள்ளையும் நினைக்கும்? நடப்பதோ நேர்மாறு.

பிப்ரவரியில் கொடைக்கானலை அடுத்த பூம்பாறைப் பக்கம், மஞ்சு ஏறாத இரவில் அண்ணாந்து பாருங்கள். திருவாதிரை, சிரியஸ், புரோசியன் மூன்றும் ஒரு பெரிய முக்கோணம். அதற்குள் எச்டி 49933 என்ற அட்டவணைப் பெயர் கொண்ட, எஃப் வகை (சூரியனைவிடச் சற்றுச் சூடான வகை) விண்மீன் ஒன்று. மேற்பரப்பு வெப்பம் சுமார் 6,600 கெல்வின், சூரியனைவிட 800 போலக் கூடுதல். தொலைவு ஏறத்தாழ 97 ஒளியாண்டு. அட்டவணையில் ‘மஞ்சள்வெள்ளை’ என்று இருக்கும்; வெறுங்கண்ணுக்கு ஒரு சாம்பல் புள்ளி, அவ்வளவுதான். அத்தனை மங்கிய ஒளியில் விழித்திரையின் நிறமறியும் கூம்புச் செல்களுக்கு வேலையில்லை.

இதன் மேக்னிட்யூட் எண் 5.77, சிரியஸுடையது −1.46. எண் 5 ஏறினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்பது 1856இல் ஆங்கிலேய வானியலாளர் போக்சன் வகுத்த கணக்கு. அதன்படி சிரியஸ் இதைவிடச் சுமார் 780 மடங்கு ஒளி மிக்கது. பெரிய ‘பொலிவெண்’ இருப்பதோ இந்தச் சோகைப் புள்ளிக்கு!

என் பரிந்துரை ‘மங்கெண்’. மங்கு + எண். ஏற ஏற மங்கும். சிரியஸுக்குக் கழித்தல் குறி வருவதும் இயல்பாகிவிடும். ‘மங்கலெண்’ என்று ஒரு தம்பி சொன்னார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி இருக்கிறது, வேண்டாம். (மங்கு சனி என்று கேலி வரும். வரட்டும்.)

அப்புறம், வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி எண்ணை ‘மங்கெண் வரம்பு’ எனலாம். நல்ல இருட்டில் அது 6, சில கண்களுக்கு இன்னும் சற்று மேல். எச்டி 49933 வானநடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் வரையும் கற்பனைக் கோடு) ஒட்டி இருப்பதால், 10 டிகிரி வடக்கில் உள்ள நமக்கு உச்சிக்கு அருகிலேயே கடக்கிறது; காற்று விழுங்கும் ஒளி குறைவு. ஆகவே பூம்பாறையில் வரம்புக்குள் வரும். கொடை ஏரிக்கரை விளக்குகளுக்கு நடுவே பைனாகுலர் இல்லாமல் ஆகாது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. விண்மீன்களின் உண்மை ஒளியை ஒப்பிட, எல்லாவற்றையும் 10 பார்செக் (சுமார் 32.6 ஒளியாண்டு) தொலைவில் வைத்துக் கணக்கிடும் எண்ணுக்குத் ‘தனி மங்கெண்’ சரியா, ‘உள்ளபடி மங்கெண்’ சரியா? இந்த விண்மீனுக்கு அது 3.4. என் வாக்கு முதலாவதற்கு.