வாங்குபவர்களை வைத்தே கொள்கை எழுதுவது எப்படி?

கோவையில் நாங்கள் நடத்தும் சின்ன கூட்டுறவு மளிகைக் கடைக்குச் சுமார் 300 உறுப்பினர்கள். எல்லோரும் அங்கேயே சாமான் வாங்குகிறவர்கள்தான். பாமாயில் வைக்கலாமா, பருப்பைப் பாலிதீன் பையில் கட்டலாமா, விவசாயிக்கு என்ன விலை தருவது என்று ஒரு கொள்கை எழுத வேண்டும். குழுவில் உள்ள ஏழு பேர் எழுதினால் அது எங்கள் கொள்கை, கடையின் கொள்கை ஆகாது.

ஜனவரியில் வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வைத்தோம்: 41 பேர். பாமாயில் வேண்டாம் என்று அழுத்திய ஒருவரே மறுவாரம் வந்து அதைக் கேட்டார்! மார்ச் பொதுக்குழுவுக்கு 18 பேர், பாதிப் பேர் வடைக்காக வந்தவர்கள். அப்புறம் பில் மேஜையில் கருத்துப் பெட்டி. ஒரு மாதத்தில் இரண்டே சீட்டு. ஒன்றில் “நல்லெண்ணெய் விலையைக் குறைக்கவும்”. அதுவும் நியாயம்தான்.

இங்கிலாந்தின் கோ-ஆபரேட்டிவ் வங்கி 1992-இல் தன் நெறிக் கொள்கையை வாடிக்கையாளர்களைக் கேட்டுத்தான் வகுத்தது. அங்கே ஆளும் பணமும் உண்டு. எங்களிடம் சம்பளத்துக்கு இருப்பது இரண்டு பேர். ஜூன் கடைசிக்குள் வரைவு வேண்டும்.

கூட்டத்துக்கு வராத உறுப்பினரிடம், விலை கூடும் என்பதையும் சொல்லி, உண்மையான முடிவை வாங்க உங்கள் சங்கத்தில் எந்த வழி பலித்தது?