புதுப்பிப்பு: 100 சிசியா, 160 சிசியா? கடைசியில் வாங்கியது 125

மன்னார்குடியிலிருந்து தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு. எந்த வண்டி வாங்கலாம் என்று ஆனி மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீங்க தம்பி, யூரியா மூட்டையை வைத்து வாய்க்கால் கரையில் ஓட்டிப் பாருங்க" என்று ஓர் அண்ணன் சொன்னார். அதுதான் கைகொடுத்தது. மச்சானின் 160 சிசி வண்டி ஏறத்தாழ 140 கிலோ. தண்ணீர் விட்டு ஊறிய களிமண் கரையில், 45 கிலோ மூட்டையோடு திருப்புவதற்குள் தோள் விட்டுப்போனது. சித்தப்பாவின் 100 சிசி சுலபமாகத் திரும்பியது.

நான் எதிர்பார்க்காதது ஆடிக் காற்று. டெல்டாவில் மேடு ஏது, 100 போதும் என்றே நினைத்திருந்தேன். அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து வடுவூர் தாண்டியதும் எதிர்காற்றில் 50-க்கு மேல் ஏறவே திணறியது.

ஆவணியில் ஹோண்டா ஷைன் 125 எடுத்தேன். எடை 113 கிலோதான், 100 சிசி வண்டி அளவுக்கே. லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கிடைக்கிறது. எந்த வண்டியானாலும், கரையில் போய்வந்தால் முன் மட்கார்டுக்குள் அப்பும் களியை அன்றே கழுவிவிடுங்கள். காய்ந்தால் சக்கரத்தைப் பிடிக்கிறது.