உயர்தர உணவகங்களில் சிறு குழந்தைகளுக்குத் தடை: நியாயமா, அநியாயமா?

நெய்தல்

2014 ஜனவரியில் சிகாகோவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை வைத்து இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். அலினியா என்ற உணவகம், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களை அப்போது பெற்றிருந்த இடம். அங்கே நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட முடியாது. அவர்கள் வகுத்த வரிசையில் சிறு சிறு உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதைப்போல, தலைக்கு 210 டாலரும் அதற்கு மேலும் முன்பணமாகக் கட்டியே அப்போது இடம் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. அன்று ஒரு தம்பதியினர் தம் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தவர் கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். குழந்தை அழுதது, மற்ற மேசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். தலைமைச் சமையற்கலைஞரான கிராண்ட் அக்கட்ஸ் ட்விட்டரில், குழந்தைகள் வேண்டாம் என்று சொல்லிவிடுவதா, அல்லது மற்றவர்களை அந்த அழுகைக்கு உட்படுத்துவதா, கைக்குழந்தையை நாடகத்துக்கும் கச்சேரிக்கும் யாராவது கொண்டுபோவார்களா என்று பொதுவில் கேட்டார்.

என் கருத்து வெளிப்படையானது. அப்படிப்பட்ட இடத்தில் விற்கப்படுவது வெறும் சாப்பாடு அன்று; ஒரு மாலைப்பொழுது. அதை விற்பவர், அதைக் குலைக்கக்கூடியதை வாசலிலேயே தடுக்க உரிமை பெற்றவர். எந்த ஊரிலும் குழந்தையோடு சாப்பிட ஆயிரம் கடைகள் இருக்கின்றன. பத்துக் கடைகள் பெரியவர்களுக்கு மட்டும் என்று இருந்தால் யாருக்கு நட்டம்?

இரட்டையரின் தாய்

நெய்தல் அவர்களுக்கு, நீங்கள் சொன்ன கதையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று விற்றது அந்த உணவகந்தான். சீட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பது சரியே. ஆனால் அன்று மாலை ஆள் வரமாட்டார் என்று தெரிந்தவர், அடுத்த இரண்டொரு மணி நேரத்துக்குள் நானூறு ஐந்நூறு டாலர் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவரை எங்கே போய்த் தேடுவார்? அவர்களுக்கு விடப்பட்டிருந்த வழி இரண்டு: பணத்தை இழப்பது, அல்லது குழந்தையோடு போவது. அந்த நெருக்கடியை உண்டாக்கிய விற்பனை முறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அழுத குழந்தையைப் பற்றித்தான் உலகமே பேசியது. அந்தக் குழந்தையின் பெயரில் யாரோ கேலிக் கணக்கு ஒன்றைக்கூட ட்விட்டரில் தொடங்கினார்கள்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். என் பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளுக்காகச் சென்னையில் ஓர் உணவகத்தில் தொலைபேசி வழியாக ஆறு பேருக்கு இடம் சொல்லிவைத்திருந்தேன். அதில் இருவர் நான்கு வயதுக் குழந்தைகள் என்பதையும் சொல்லியிருந்தேன். வாசலுக்குப் போனபோது மேலாளர் மிகுந்த பணிவோடு, பத்து வயதுக்குக் குறைந்தவர்களை இரவு உணவுக்கு அனுமதிப்பதில்லை என்றார். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து ஒரு பணியாளர் இரண்டு குழந்தை நாற்காலிகளை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு எங்கள் மேசையை நோக்கி வந்தார். மேலாளர் திரும்பிப் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால் விரல்களை அசைத்து அவரைத் திருப்பி அனுப்பினார். குழந்தை நாற்காலி வாங்கி வைத்திருக்கும் கடையில் அந்த விதி எத்தனை நாள் பழையது என்று நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டுப் பேர் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு வயது வரம்பு இல்லை.

தாழ்வாரம்

முன்கூட்டிச் சொல்லாமல் வாசலில் தடுத்தது அநாகரிகம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது விதியைக் கையாண்ட விதத்தின் குற்றம், விதியின் குற்றம் அன்று.

நானும் மூன்று வயதுப் பெண்ணுக்குத் தகப்பன். நானும் மனைவியும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, குழந்தையை என் அக்காவிடம் விட்டுவிட்டு வெளியே போகிறோம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அக்காவிடம் எத்தனை நாள் முன்பே கேட்டுவைக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். அப்படி வந்து உட்கார்ந்த பிறகு, பக்கத்து மேசைப் பிள்ளை கைப்பேசியில் கார்ட்டூனை முழுச் சத்தத்தில் ஓடவிட்டால், நான் எதற்காக என் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன்? குழந்தைகளைப் பிடிக்காதவர்கள்தாம் இந்தத் தடையைக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளை நாள் முழுவதும் பார்த்துக்கொள்பவர்களும் கேட்கிறார்கள்.

கருப்பங்கி

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் இருதரப்பும் உரிமை என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் உணவகங்களில் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வயது அதில் இல்லை. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சேவைகளில் வயதுப் பாகுபாட்டைத் தடை செய்தாலும், அந்தப் பாதுகாப்பு 18 வயது நிரம்பியவர்களுக்கே உரியது. இந்திய அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. ஆனால் அது அடுக்கும் காரணங்கள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவை மட்டுமே. ஆக, இந்த மூன்று சட்டங்களைப் பொறுத்தவரை உணவகக்காரர் தப்பித்துக்கொள்வார்.

தென்கொரியாவில் கதை சற்று வேறு. அங்கே 'நோ கிட்ஸ் ஸோன்', அதாவது குழந்தைகளுக்கு அனுமதி இல்லாத இடம், என்ற பலகை பரவலாகிவிட்டது. 2023-இல் அப்படிப்பட்ட இடங்கள் நாடெங்கும் ஐந்நூறுக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டார்கள், அவற்றில் கணிசமானவை சுற்றுலாத் தீவான ஜேஜுவில் இருந்தன. அந்தத் தீவின் இத்தாலிய உணவகம் ஒன்று 13 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்காதது குறித்து வந்த புகாரை விசாரித்த தேசிய மனித உரிமை ஆணையம், அது பாகுபாடே என்று 2017-இல் முடிவு கூறியது. தொழில் செய்யும் சுதந்திரம் வரம்பற்றது அன்று. சில குழந்தைகளும் சில பெற்றோரும் தொல்லை கொடுத்தார்கள் என்பதற்காக எல்லாக் குழந்தைகளையும் ஒதுக்க முடியாது என்பதே அதன் சாரம். ஆனால் ஆணையத்தின் முடிவு பரிந்துரைதான். கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. அதன் பிறகும் பலகைகள் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

நெய்தல்

கருப்பங்கி அவர்கள் கொரியாவைக் குறிப்பிட்டதால், அந்தப் பலகைகள் ஏன் முளைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் பூசான் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. உணவகத்தில் கொதிநீர் ஏந்திவந்த பணியாளர்மீது பத்து வயதுப் பிள்ளை ஒன்று மோதி, அந்தப் பிள்ளையின் உடல் வெந்துபோனது. உணவகத்தரப்பு ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் வோன் இழப்பீடு தர வேண்டும் என்பது தீர்ப்பு. பிள்ளையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் எனக்கு இல்லை, விபத்து நேர்ந்தால் பொறுப்பு மட்டும் என்னுடையது என்றால், எந்தக் கடைக்காரர்தாம் அஞ்சமாட்டார்? அதைக் குழந்தை வெறுப்பு என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

விமானங்களிலும் இதே ஏற்பாடு வந்துவிட்டது. 2013-இல் ஏர் ஆசியா எக்ஸும் ஸ்கூட்டும், 2016-இல் நம் இண்டிகோவும், குழந்தைகள் இல்லாத இருக்கை வரிசைகளை ஒதுக்கின. உலகம் இடிந்து விழுந்துவிடவில்லையே.

பரிமாறியவன்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கொதிநீர்ப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நட்சத்திர விடுதிகளின் உணவுக்கூடங்களில் 11 ஆண்டுகள் பரிமாறியிருக்கிறேன்.

சூப்புக் கிண்ணங்கள் நிறைந்த தட்டைத் தோள் உயரத்தில் உள்ளங்கையில் ஏந்தி வருபவனுக்கு, தன் இடுப்புக்குக் கீழே இருப்பது எதுவும் கண்ணில் படாது. நாங்கள் கால்களால்தான் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்: எந்த நாற்காலி பின்னால் தள்ளியிருக்கிறது, எந்தப் பையின் வார் வழியில் கிடக்கிறது என்பதெல்லாம் முந்தைய நடையிலேயே மனத்தில் பதிந்திருக்கும். நாற்காலி நகராது, பிள்ளை நகரும். ஒருமுறை திரும்பும் இடத்தில் என் முழங்காலில் ஏதோ முட்டியது. தட்டைச் சாய்க்காமல் அப்படியே நின்றுவிட்டேன். குனிந்து பார்க்கவும் முடியாது, குனிந்தால் தட்டு சரியும். பக்கத்து மேசைப் பெண்மணி ஒருவர் எழுந்து வந்து அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டேன். பெற்றோர் அப்போது இனிப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே நெய்தல் ஐயா சொல்லும் அச்சம் பொய்யன்று.

ஆனால் அந்த 11 ஆண்டுகளில் என் சட்டையில் கொட்டப்பட்டவை, உடைந்த கோப்பைகள், நான் வாங்கிய வசவுகள் ஆகியவற்றில் பெரும்பங்கு வளர்ந்தவர்களுடையது. அதிலும் மூன்றாவது குப்பியைத் திறந்தவர்களுடையது. அவர்களுக்கு எதிராக எந்த முதலாளியும் பலகை மாட்டவில்லை. காரணம் எளிது: அவர்களால் தொகைச்சீட்டு நீளும். குழந்தையால் நீளாது. முழு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிண்ணம் தயிர்சாதமோ நான்கு உருளைக்கிழங்கு வறுவலோ கேட்கும் வாடிக்கையாளர் அது. அமைதி, பாதுகாப்பு என்றெல்லாம் வெளியே சொல்வார்கள். நான் வேலை செய்த இடங்களில் உள்ளே நடந்த பேச்சில் முதலில் வந்தது அந்த நாற்காலியின் கணக்குத்தான்.

இரட்டையரின் தாய்

பரிமாறியவன் அவர்களுக்கு நன்றி. நாற்காலிக் கணக்குத்தான் உண்மையான காரணம் என்றால், நாற்காலிக்கு முழு விலை கேட்கட்டும். எந்த வயதானாலும் ஓர் இருக்கைக்கு ஒரு முழுக் கட்டணம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால், கொடுக்க முடிந்தவர் கொடுப்பார், முடியாதவர் வேறு இடம் பார்ப்பார். அதில் குழந்தையைத் தீண்டாதவரைப்போல வாசலில் நிறுத்தும் அவமானம் இல்லை.

விமான உவமை நெய்தல் அவர்களுக்கே எதிராகப் போகிறது என்பதையும் கவனியுங்கள். அந்த நிறுவனங்கள் சில வரிசைகளைத்தான் ஒதுக்கின. குழந்தையை ஏற்றமாட்டோம் என்று சொல்லவில்லை. இடத்தை வகுப்பது வேறு, ஆளை விலக்குவது வேறு.

விலக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் கொரியாவே சாட்சி. 2023-இல் அங்கே ஒரு காபிக் கடை, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டிய படம் பரவியது. அதே ஆண்டில் அந்நாட்டின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72 என்று இறங்கியது. பலகைதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டு விலையும் வேலை நேரமும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசு மன்றாடும் நாட்டில், பிள்ளையோடு வராதீர்கள் என்று தெரு சொல்கிறது.

தாழ்வாரம்

சகோதரி, ஒரே ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். "தீண்டாதவரைப்போல" என்று எழுதியிருக்கிறீர்கள். தனிக் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்ட மனிதர் நாற்பது வயதானாலும் அந்தக் குவளையிலிருந்து விடுபடவில்லை. அவருடைய பிள்ளைக்கும் அதே குவளைதான். பத்து வயது வரம்பு பதினோராவது பிறந்தநாளுக்கு முன்பே தீர்ந்துவிடும், அதுவும் முதலமைச்சரின் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒன்றுபோல. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், முதலாவதன் கொடுமை லேசாகிவிடுகிறது.

மற்றபடி முழு விலை யோசனை பணக்காரக் குழந்தையின் அழுகையை மட்டும் உள்ளே விடும். அழுகை குறையாது.

இரட்டையரின் தாய்

ஏற்கிறேன். அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அழுகையைப் பற்றி: அழுகைக்கு விதி செய்யுங்கள், வயதுக்குச் செய்யாதீர்கள் என்பதுதான் என் வாதமே. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஒரு கடலுணவுக் கடை, உரத்து அழும் பிள்ளைகளுக்கு உணவுக்கூடத்தில் இடமில்லை, தள்ளுவண்டியும் குழந்தை நாற்காலியும் கிடையாது என்று அறிவித்து அதற்காகவே பெயர் வாங்கியது. கடுமையான விதிதான், எனக்கு அங்கே போக விருப்பமில்லை. ஆனாலும் அமைதியாக உட்கார்ந்து சாப்பிடும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது.

கருப்பங்கி

இடையில் நேர வரம்பு என்ற வழியும் உண்டு. ஜெர்மனியின் ரூகன் தீவில் ஓர் உணவகம் 2018-இல், மாலை ஐந்து மணிக்கு மேல் 14 வயதுக்குக் குறைந்தவர்கள் வர வேண்டாம் என்று அறிவித்தது. அந்த உணவகத்தின் பெயருக்குப் 'பாட்டியின் சமையலறை' என்று பொருள். பேரப்பிள்ளைகளை ஐந்து மணிக்கே வெளியேற்றும் பாட்டியை நான் இதுவரை கண்டதில்லை. ஆனாலும், பகலில் எல்லாரும், இரவில் பெரியவர்கள் என்ற பிரிவினை, முழுத் தடையைவிடத் தாங்கத்தக்கது என்றே நினைக்கிறேன்.

நெய்தல்

நேர வரம்பையும், அதை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும் என்பதையும் நான் ஏற்கத் தயார். ஆனால் "அழுதால் மட்டும் வெளியே" என்ற விதியை நடைமுறைப்படுத்துவது யார்? பாதிச் சாப்பாட்டில் ஒரு தாயிடம் போய், எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டியவர் முதலாளி அல்லர். பரிமாறியவன் அவர்களே, நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

பரிமாறியவன்

மூன்று முறை சொல்லியிருக்கிறேன். இருமுறை திட்டு வாங்கினேன். மூன்றாவது முறை, சொல்வதற்குப் பதிலாக, சூடான பாலாடைக்கட்டி ரொட்டியை ஒரு சிறு தட்டில் எடுத்துப்போய், "வெளியே தாழ்வாரத்தில் மீன்தொட்டி இருக்கிறது, குழந்தை பார்க்கட்டும், உங்கள் உணவை நான் அடுப்பருகே சூடாக வைத்திருக்கிறேன்" என்றேன். தகப்பனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார், குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று கூடத்தில் நாங்கள் ஒன்பது பேர் பரிமாறினோம், ஆகவே எனக்கு அந்த நேரம் கிடைத்தது. நான் வேலையை விட்ட ஆண்டில் அதே கூடத்துக்கு ஐந்து பேர்தான் இருந்தோம். மீன்தொட்டியையும் எடுத்துவிட்டு அங்கே இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள்.