அஞ்சு நிமிஷத்துல ஒன்பது ஓட்டு: கூட்டணியா, என் சந்தேகமா?

கேட்டவர்: வரிக்குதிரை

வணக்கம். சின்ன லிங்க் பகிர்வுத் தளம் ஒண்ணுக்கு நானும் இன்னொருத்தரும் அட்மின். நாளைக்கு முப்பது, நாற்பது லிங்க் வரும். பத்து ஓட்டு விழுந்தாலே முகப்புல முதலிடம்.

மூணு வாரமா ஒரே வலைத்தளத்தோட லிங்க் எது வந்தாலும் முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒன்பது ஓட்டு வாங்கிடுது. அப்புறம் நாள் முழுக்க ரெண்டு ஓட்டுகூட விழறதில்ல. போடறதும் ஒருத்தர் இல்ல, மூணு பேர் மாத்தி மாத்திப் போடறாங்க.

ஓட்டுப் போட்ட ஒன்பது பேர்ல நாலு பேருக்கு ஒரே ஐபி (இணைய இணைப்போட முகவரி எண்). "நாலு பேரையும் தூக்கிடலாம்"ங்கறார் இன்னொரு அட்மின். எனக்குக் கை வரல. எப்படி உறுதி பண்றது? ஓட்டு அட்டவணையில யூசர், இடுகை, நேரம் இருக்கு. சர்வர் லாக், அதாவது யார் எந்தப் பக்கத்துக்கு எப்ப வந்தாங்கங்கற பதிவு, 30 நாளைக்கு இருக்கு. வரிசைப்படுத்தறது ரெடிட்ங்கற பெரிய லிங்க் பகிர்வுத் தளத்தோட பழைய 'ஹாட்' சூத்திரம்; ஓட்டையும் இடுகை எவ்வளவு புதுசுங்கறதையும் சேர்த்துக் கணக்குப் போடும்.

கட்டெறும்பு

தூக்கிடுங்க. இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு.

பின்னூசி

கட்டெறும்பு, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற வேலை அது. மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பேரை ஒரே ஐபிக்குப் பின்னாடி அடைச்சு வைக்கிறாங்க. நாலு பேருக்கும் ஒரே நெட்வொர்க்கா இருந்தா முடிஞ்சது கதை. ஐபியைச் சந்தேகத்துக்கு வச்சுக்கலாம், தண்டனைக்கு வச்சுக்கக் கூடாது.

அரைக்கணக்கு

நேரம் ஒத்துப்போறதையும் அப்படியே நம்பாதீங்க. எல்லாத் தளத்துலயும் 'புதியவை' பக்கத்துலயே குடியிருக்கற நாலஞ்சு பேர் உண்டு. லிங்க் வந்த உடனே ஓட்டுப் போடுவாங்க. லாக்ல பார்த்தா கூட்டுச் சதி மாதிரியேதான் தெரியும். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை.

அதனால 'ஒரே நேரத்துல போட்டாங்களா'ன்னு தேடாதீங்க. 'வேற யாருக்கு ஓட்டுப் போட்டாங்க'ன்னு தேடுங்க. ஓட்டு அட்டவணையைத் தன்னோடயே இணைச்சு, ஓட்டுப் போட்டவங்களை ரெண்டு ரெண்டு பேரா எடுத்துக்கங்க. இருவரும் ஓட்டுப் போட்ட இடுகைகளை, இருவர்ல யாராவது ஒருத்தராவது போட்ட மொத்த இடுகைகளால வகுங்க. ஒண்ணுக்கு நெருங்கி வந்தா உறுத்தல்தான். இதுல ஒரு கண்ணி இருக்கு. எல்லாருக்கும் பிடிச்ச லிங்க்ல ரெண்டு பேர் ஒத்துப்போறது ஒண்ணுமே சொல்லாது. முகப்புல ஓஹோன்னு ஓடினதை எல்லாம் முதல்ல கழிச்சுடுங்க. யாருமே கண்டுக்காத லிங்க்ல திரும்பத் திரும்ப ஒத்துப்போறவங்கதான் நமக்கு வேணும்.

அடுத்தது லாக். ஓட்டுக்கு முன்னாடி அந்த ஆள் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தார்? முகப்பு, 'புதியவை' வழியா வந்தா ரெஃபரர்ல (முந்தின பக்கம் எதுன்னு பிரவுசர் சொல்ற தகவல்) தெரியும். குரூப்ல லிங்கைப் போட்டு "ஓட்டுப் போடுங்க"ன்னா, பெரும்பாலும் ரெஃபரர் காலியா நேரா இடுகையில வந்து இறங்குவாங்க.

பின்னூசி

ஆர்எஸ்எஸ் ரீடர்லேர்ந்து (தளங்கள்ல வர்ற புது இடுகைகளைத் திரட்டிக் காட்டற செயலி) வர்றவங்களுக்கும் ரெஃபரர் காலியாத்தான் இருக்கும். அது மட்டும் போதாது.

அரைக்கணக்கு

சரிதான். ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் கணக்கு.

வரிக்குதிரை

ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூணு வாரத்துல அந்த வலைத்தளத்தோட லிங்க் 22. ஒன்பது பேர்ல அஞ்சு பேர், ஒவ்வொருத்தரும் 19க்கு மேல ஓட்டுப் போட்டிருக்காங்க. வேற எதுக்கும் அஞ்சு பேரும் சேர்ந்து போட்டது மொத்தமே 3 ஓட்டு. எல்லாரும் நேரா இடுகைக்கு வந்து, அரை நிமிஷத்துக்குள்ள ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்க.

வேடிக்கை என்னன்னா, இந்த அஞ்சு பேருக்கும் அஞ்சு வேற வேற ஐபி. ஒரே ஐபி நாலு பேரும் சுத்தம். மூணு பேர் 'புதியவை' பக்கத்துப் பழைய ஆளுங்க, கண்டதுக்கெல்லாம் ஓட்டுப் போடறவங்க. நாலாவது நம்ம இன்னொரு அட்மினோட வாசகர் கணக்கு! அட்மின் கணக்குல ஓட்டுப் போடக் கூடாதுன்னு தனியா வச்சிருந்தாராம். எனக்கே இப்பத்தான் தெரியும்.

கட்டெறும்பு

அப்ப அவரையே தூக்கச் சொல்லியிருக்காரா 😂 நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

நடுநிசிநிரல்

நீங்க சூத்திரத்தையும் பார்க்கணும். பழைய ஹாட் சூத்திரத்துல ஓட்டுக்கு 10 அடிமான மடக்கை, அதோட இடுகை நேரத்தை நொடியில எடுத்து 45,000ஆல வகுத்துக் கூட்டறது. அதாவது பத்து மடங்கு ஓட்டு, 12.5 மணி நேரப் புதுமைக்குச் சமம். முதல் 10 ஓட்டுக்கு உள்ள மதிப்பு, அடுத்த 90 ஓட்டுக்கும் சேர்த்துத்தான். ஒன்பது ஓட்டுன்னா ஏறக்குறைய 12 மணி நேரம். அந்த அஞ்சைக் கழிச்சு நாலுன்னா ஏழரை மணி. ஆக, அஞ்சு பேர் அரை நிமிஷ வேலையில நாலரை மணி நேர முகப்பை வாங்கிட்டுப் போறாங்க. பெரிய தளத்துல இந்த அஞ்சு கடல்ல கரைச்ச பெருங்காயம், உங்க தளத்துல குழம்பே அதான்.

ரெடிட்லயே 2014ல ரொம்பப் பிரபலமான ஒரு பயனர், அஞ்சு மாற்றுக் கணக்கை வச்சு தனக்கே ஓட்டுப் போட்டு மாட்டினார். அஞ்சு போதும், நேரத்துல விழுந்தா.

அரைக்கணக்கு

2013ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு சோதனை வந்தது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்துல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள்ல சிலதுக்கு, தற்செயலா ஒரே ஒரு ஆதரவு ஓட்டை முன்னாடியே போட்டுவிட்டாங்க. கடைசி மதிப்பு சராசரியா 25 சதவீதம் ஏறிடுச்சு. பொய்யா போட்ட எதிர் ஓட்டை மட்டும் மத்தவங்க சரிக்கட்டிட்டாங்க.

உங்க தளத்துல அந்த மந்தை விளைவுகூட, அதாவது முன்னாடி விழுந்த ஓட்டைப் பார்த்து மத்தவங்களும் போடறது, நடக்கல பாருங்க. நாள் முழுக்க மேலேயே நின்னும் ரெண்டு ஓட்டு வரல. எனக்கு அதுதான் இருக்கறதுலயே பெரிய சாட்சி.

வரிக்குதிரை

அந்த அஞ்சு ஓட்டையும் வரிசைக் கணக்குல மட்டும் சேர்க்காம, திரையில அப்படியே காட்டலாமா?

பின்னூசி

செய்யலாம், எனக்குப் பிடிக்கல. சொல்லாமலே செஞ்சா நாளைக்கு வேற யாராவது 'என் ஓட்டு எங்க'ன்னு கேட்பாங்க. முதல்ல எழுதிக் கேளுங்க. ஹேக்கர் நியூஸ்ங்கற லிங்க் பகிர்வுத் தளத்துல ஓட்டுக் கேட்டு அலையாதீங்கன்னு நெறிமுறையிலயே எழுதி வச்சிருக்காங்க. உங்க விதிப் பக்கத்துல அந்த வரி இருக்கா?

வரிக்குதிரை

இல்ல. 😔

லிங்க் போட்ட மூணு பேருக்கும் எழுதினேன். ஒருத்தர் உடனே பதில் போட்டார்: அவங்க வாட்ஸ்அப் குரூப்ல லிங்கைப் போடுவாங்களாம், "நம்ம எழுத்துக்கு நாமளே ஓட்டுப் போடறதுல என்ன தப்பு"ன்னு உண்மையாவே கேட்கறார். மத்த ரெண்டு பேரும் பேச்சு மூச்சு இல்ல. விதியில வரி சேர்த்தாச்சு. அதுக்கப்புறமும் நேரா வந்து இறங்கி விழற ஓட்டு முதல் மணி நேரத்துல வரிசைக்கு எண்ணப்படாதுன்னு வெளிப்படையாவே எழுதிட்டோம். ஆர்எஸ்எஸ் ஆட்கள் ரெண்டு பேர் இப்பவே சண்டைக்கு வந்துட்டாங்க.

இன்னொரு அட்மின் தன் வாசகர் கணக்கை மூடணுமான்னு கேக்கறார். வேணாம்னுட்டேன்.