பார்வை நேரம் மாலை 4 முதல் 6 வரை: கடலுக்குப் போகிறவன் அம்மாவை எப்போது பார்ப்பது?

கேள்வி: தங்கச்சிமடத்து மீனவர்

அனைவருக்கும் வணக்கம். ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் கடற்பாசி எடுக்கப் போவதை விடவில்லை. போன மாதம் கடலடிப் பாரில், அதாவது பாறைத்திட்டில், கால் வைத்தபோது கல் கிழித்துவிட்டது. சர்க்கரை இருப்பதால் புண் ஆறாமல் கறுத்து, கடைசியில் பெருவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பாம்பன் பாலம் தாண்டி ஓர் அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் இருக்கிறார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வைத்தியத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

என் வருத்தமெல்லாம் பார்வை நேரத்தைப் பற்றியதுதான். ஆண்களை மாலை 4 மணி முதல் 6 மணி வரைதான் உள்ளே விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். எங்கள் வீட்டில் இருக்கும் இன்னொரு பெண் என் மனைவி, அவளுக்கு எட்டாவது மாதம். எனக்கு அக்கா தங்கை கிடையாது.

எங்கள் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கனை வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை சேரும். மீனை இறக்கி, வலையை அலசி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் 11 மணியாகிவிடும். அதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்துவிடுகிறது. மாலை 4 மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு முழுதாகக் கிடைப்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான், அன்றைக்கும் காலையில் விட மறுக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை உள்ளே போனபோது, ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கி வைத்த தண்ணீர் பாட்டில் மூடிகூடத் திருகப்படாமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அம்மாவின் உதடு வெடித்திருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், யாரைப் போய்த் தாங்கிப் பிடிக்கச் சொல்வது என்றார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருக்கும் பெண்ணைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், “எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன்” என்கிறார்.

நோயாளியைப் பார்க்கப் போவதற்கு நமக்குச் சட்டப்படி ஏதாவது உரிமை இருக்கிறதா? யாரிடம் கேட்பது? கேட்டுப் பெற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தேவிபட்டினம், ஓய்வுபெற்ற செவிலியர்

தம்பி, பார்வை நேரத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தத் தண்ணீர். சர்க்கரை நோயாளி, அதுவும் அறுவை சிகிச்சை முடிந்தவர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆபத்து. சிறுநீரில் கிருமி சேரும், சிறுநீரகம் கெடும். இதை இன்றே வார்டு சிஸ்டரிடம் நேராகச் சொல்லுங்கள். கோபப்படாமல் “அம்மா தண்ணீரே குடிப்பதில்லை, கழிவறைக்குப் பயந்து” என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எந்த நர்ஸும் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். இன்சுலின் போட்ட பிறகு சாப்பிடுகிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும்.

இனி உங்கள் கேள்வி. பொது வார்டில் உறவினர் எத்தனை மணிக்கு வரலாம் என்று வரையறுத்துச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அந்தந்த மருத்துவமனை நிர்வாகம் வைப்பதுதான் நேரம். நிர்வாகம் வைத்தது என்பதால் நிர்வாகமே தளர்த்தவும் முடியும். அதனால் வாசலில் நிற்கும் காவலரிடம் வாதாடிப் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. அங்கே வாய்ச்சண்டை கைகலப்பாகிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். மருத்துவமனைகளில் நடக்கும் வன்முறையைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

வார்டு டாக்டரைப் பார்த்து, “நடக்க முடியாதவர், துணை தேவை, மகனைத் தவிர ஆள் இல்லை” என்று கேஸ் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மற்றது எளிது. அதைச் சொல்லி ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் மனு கொடுங்கள். மாலை நேரத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் நேரத்தில் உடனிருக்கவும், கடலில் இருந்து திரும்பும் நாட்களில் 11 மணிக்கு உள்ளே போகவும் அனுமதி கேளுங்கள். எழுதும்போது கிழமையைக் குறிப்பிடுங்கள், டோக்கன் முறையையும் விளக்குங்கள். நகரத்திலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிக்குக் கடல் நேரம் தெரியாது. மாலை 4 மணி என்பது அலுவலகம் போகிறவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தோதான நேரம். இந்தக் கரையில் அது யாருக்கும் தோதில்லை என்று என் பணிக்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

இரவில் தங்க மட்டும் கேட்காதீர்கள். அடுத்த கட்டிலில் கிடப்பவரும் ஒரு பெண்தானே, கட்டுப் பிரிக்கும்போதும் உடை மாற்றும்போதும் அவருக்கு மறைவு வேண்டும். அந்த விதியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இரவுக்குச் சொந்தத்தில் ஒரு சித்தியோ பெரியம்மாவோ கிடைப்பார்களா என்று பாருங்கள்.

மனு கொடுத்தும் அசையவில்லை என்றால் சுகாதார உதவி எண் 104-க்கு அழையுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் புகாரைப் பதிவு செய்யலாம்.

உங்கள் மனைவிக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரசவ அறையில் கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள 2004 முதலே தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஏற்பாடு உண்டு. 2016-இல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் நல்லது. அங்கே யாராவது வேண்டாம் என்று சொன்னாலும் விடாமல் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் வலி தாங்கும் தெம்பே வேறு, கண்ணால் பார்த்தவள் நான்.

பதில்: ஏர்வாடி

தங்கச்சிமடத்து அண்ணனுக்கு, பொது வார்டுக்குச் சட்டம் இல்லை என்று அக்கா சொன்னது சரி. மனநல மருத்துவமனைக்கு உண்டு. என் தம்பி மனநலச் சிகிச்சையில் இருப்பதால் இதைத் தேடிப் படித்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்டவருக்குத் தன்னைப் பார்க்க வருகிறவர்களைச் சந்திக்கவும், வேண்டாம் என்று மறுக்கவும், போனில் பேசவும் உரிமை தருகிறது. நேர ஒழுங்கை மருத்துவமனை வகுக்கலாம். உரிமை உறவினருக்கு அல்ல, நோயாளிக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த இடம். உங்கள் அம்மாவின் விஷயத்திலும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: “நான் பார்க்க வேண்டும்” என்று எழுதுவதைவிட “அம்மா என்னைக் கேட்கிறார்” என்று எழுதுங்கள், அம்மாவின் கைநாட்டையும் வாங்கி இணையுங்கள்.

எங்கள் ஊரில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை விடியற்காலையில் எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். தர்காவை நம்பி எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து விடப்பட்டவர்கள். இன்று சங்கிலியால் கட்டுவதையே அந்தச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் சட்டம் மீறப்படுவதைப் பார்க்க ஒரு கண் வேண்டுமே. வாரம் ஒருமுறை ஒரு தாயோ அண்ணனோ உள்ளே வந்து போகிற இடத்தில் காலில் இருக்கும் காயம் மறைக்கப்படாது. பார்வை நேரத்தை வசதிக்கான சலுகையாக நினைக்கும் அதிகாரிகளிடம் நான் சொல்வது இதைத்தான். உங்கள் அம்மா தண்ணீர் குடிக்காததும் நீங்கள் உள்ளே போனதால்தானே தெரிந்தது?

பதில்: தொண்டி, தற்போது அமெரிக்காவில் செவிலியர்

நான் வேலை பார்ப்பது 25 கட்டிலுக்கு மேல் வைக்க அனுமதியில்லாத கிராமப்புற மருத்துவமனை வகை. அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகள், எங்களைப் போன்ற சிறியவை உட்பட, 2011 ஜனவரி முதல் பார்வையாளர் விதியை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். யார் வரலாம் என்று நோயாளி சொல்வார், ரத்த உறவாக இருக்கவேண்டும் என்பதில்லை. மருத்துவக் காரணத்தால் தடுத்தால் அந்தக் காரணத்தையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2007-இல் மயாமியில் சாகக் கிடந்த ஒரு பெண்ணிடம் அவருடைய வாழ்க்கைத் துணையைப் பல மணி நேரம் விடாமல் தடுத்ததாக எழுந்த வழக்கு நாட்டையே உலுக்கியது. அதன்பின் 2010-இல் அதிபர் ஒபாமா பிறப்பித்த உத்தரவிலிருந்து வந்த விதி இது.

அந்த ஊர்ச் சட்டத்தை இங்கே காட்ட முடியாது. ஆனால் உங்கள் மருத்துவமனையின் விதியை எழுத்தில் கேட்கலாம் அல்லவா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் அம்மா வீட்டுக்கு வந்திருப்பார். அடுத்து அங்கே படுக்கப்போகிறவருக்காகக் கேளுங்கள்.

கேட்டவர்: தங்கச்சிமடத்து மீனவர்

அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் அம்மாவைத் திட்டிவிட்டு, தானே டம்ளரில் ஊற்றிக் குடிக்கவைத்தார். ஆர்.எம்.ஓ. மனுவை வாங்கிப் படித்தார், கிழமைக் கணக்கைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, மற்ற நாட்களுக்குப் பகல் 12 மணி முதல் ஒரு மணி நேரம் எழுதித் தந்திருக்கிறார். இரவுக்கு மண்டபத்திலிருந்து மனைவியின் சித்தி வருகிறார்.

தகவல் மனுவை நாளை தபாலில் அனுப்புகிறேன். சாயல்குடி, கீழக்கரை, திருப்பாலைக்குடிப் பக்கத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் மருத்துவமனைகளில் என்ன நேரம், யாருக்கு அனுமதி என்று இங்கே எழுதுங்கள். அடுத்த மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.