பொருள்: ‘கோச்’சுக்கு என்ன சொல்? (பள்ளி வலைத்தளப் போட்டி விதிகள்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நெல்லை வட்டாரப் பள்ளிகளுக்கான வலைத்தளப் போட்டி விதிகளைத் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருப்பதைப் போன மடலில் சொல்லியிருந்தேன். பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. வலைத்தளம், உலாவி, இணைப்பு, முகப்புப் பக்கம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. அணி, குழு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பாமல், போட்டியிடும் மாணவர்களுக்கு ‘அணி’ என்றும் நடத்துகிறவர்களுக்கும் நடுவர்களுக்கும் ‘குழு’ என்றும் வைத்துக்கொண்டேன். டெம்ப்ளேட்டுக்கு, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க அமைப்புக்கு, ‘வார்ப்புரு’. விக்கிப்பீடியாவில் புழங்கி நிலைத்துவிட்ட சொல், அதில் கைவைக்க வேண்டாம். மாட்டிக்கொண்டது, அணிக்குத் துணையாக நிற்கும் பெரியவரைக் குறிக்கிற ‘கோச்’சில்தான்.

இந்தப் போட்டியின் அமைப்பு நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய திங்க்குவெஸ்ட் போட்டியை நம் குழுமத்தில் சிலருக்கு நினைவிருக்கும். 2002-இல் ஆரக்கிள் கல்வி அறக்கட்டளையின் கைக்கு வந்து, 2013-இல் மூடப்பட்டது. மாணவர்கள் அணியாகச் சேர்ந்து ஒரு பாடப்பொருளைப் பற்றித் தளம் கட்ட வேண்டும், கூட ஒரு பெரியவர் இருப்பார், வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது. அந்தப் பெரியவர்தான் கோச். எங்கள் விதியிலும் அப்படியே: ஓர் அணியில் 3 முதல் 6 மாணவர்கள், அவர்களோடு அதே பள்ளியின் ஆசிரியர் ஒருவர். அவர் சொல்லிக்கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம், நேரத்துக்கு முடிக்கச் சொல்லி விரட்டலாம். தளத்தில் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன். முன்பு ஒரு போட்டியில் நான் நடுவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பத்தமடைப் பாயைப் பற்றிய தளம், பார்க்க அழகாகவே இருந்தது. நடுவர் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம், “மேலே இருக்கிற பட்டை நீலமா இருக்கு, பச்சையாக்கிக் காட்டுப்பா” என்றார். பையன் நோட்பேடில் சி.எஸ்.எஸ். கோப்பைத் திறந்தான், தளத்தின் நிறமும் தோற்றமும் அதில்தான் இருக்கும். எங்கிருந்தோ இறக்கிய வார்ப்புரு அது. இடைவெளியெல்லாம் நீக்கி மொத்தத்தையும் ஒரே வரியில் அடைத்திருந்தார்கள். அவன் வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனான், போனான், வரி முடியவில்லை. பிறகு கதவுப் பக்கம் நின்ற ஆசிரியரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “சார்தான் போட்டாவ.”

ஆசிரியர் மேல் தப்பு சொல்ல முடியவில்லை. அவர் கையில் இருந்த விதித்தாளில் அவருக்குப் ‘பயிற்சியாளர்’ என்று பெயர். பயிற்சியாளர் இதைச் செய்யக் கூடாது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஆகவே விதியையும் திருத்த வேண்டும், பெயரையும் மாற்ற வேண்டும்.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> பயிற்சியாளர் என்றே விட்டுவிடலாமே. கிரிக்கெட் செய்தி படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல்.

கிரிக்கெட் செய்தியில் சரிதான். ஆனால் பேட்டை ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், அங்கே பயிற்சியாளர் என்றால் பயிற்சி பெறுகிற பையன். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. “பயிற்சியாளர் தளத்தைத் தாமே உருவாக்க வேண்டும்” என்று ஒருவர் எழுதினால் அதற்கு இரண்டு நேரெதிர்ப் பொருள் வரும். விதித்தாளில் அந்த ஆபத்து வேண்டாம்.

> அப்படியானால் பயிற்றுநர். இலக்கணப்படி குழப்பமே இல்லை.

இலக்கணப்படி இல்லை, அலுவலகப்படி இருக்கிறது. கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் ‘ஆசிரியர் பயிற்றுநர்’ என்று ஒரு பதவியே உண்டு. அணிக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று சுற்றறிக்கை போனால், அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் வள மையத்துக்குத்தான் போன் போடுவார். “எங்களுக்கு ஆள் அனுப்புங்க” என்பார்.

> வழிகாட்டி?

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வழிகாட்டி என்றால் கடையில் விற்கிற கைடு. விடை எல்லாம் எழுதி வைத்திருக்கும் புத்தகம். நமக்கு வேண்டியது அதற்கு நேர் மாறு.

> நெறியாளர்? மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?

இது எனக்கு நிறையப் பிடித்திருந்தது. ஆய்வு நெறியாளரும் கேள்விதான் கேட்க வேண்டும், ஆய்வேட்டை எழுதித் தரக் கூடாது. (விதிப்படி. நடைமுறையை இங்கே பேச வேண்டாம்.) ஆனால் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால், நெறியாளர் என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வருவது தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் சத்தத்துக்கு நடுவே “ஒரு நிமிடம், ஒரு நிமிடம்” என்று கையை நீட்டுகிறவர். அந்த விவாதங்கள் பெருகுவதற்கு முன் என்றால் இந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்கும். இப்போது தொலைக்காட்சி எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்து நம் குழுமத்து அண்ணாச்சியின் மடல். அதை முழுதாகவே தருகிறேன்.

> நம்ம ஊரில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுகிறீர்கள். எங்கள் தாத்தா காலத்தில் திண்ணைப் பள்ளி ஆசிரியரை அண்ணாவி என்றுதான் சொல்வார்கள். கோச்சுக்கு அண்ணாவி என்று போடுங்கள். மண்ணின் வாசனை இருக்கும்.

அகராதியும் அண்ணாச்சி பக்கம்தான், அண்ணாவி என்றால் உபாத்தியாயர் என்று பொருள் தருகிறது. மட்டக்களப்பு நண்பர் உடனே ஒரு மடல் போட்டு இதற்கு இன்னும் வலு சேர்த்தார். அவர்கள் பக்கம் கூத்துப் பழக்குகிறவர் அண்ணாவியார். ஆட்டம், பாட்டு, தாளம் எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழக்குவார். அரங்கேற்றத்தன்று மத்தளத்தோடு கூத்து நடக்கும் களரியில் நிற்பார், ஆனால் அரசன் வேடமும் மந்திரி வேடமும் போட்டு ஆடுவது பழகினவர்கள்தான். ஆடுகிறவன் தடுமாறினால் அண்ணாவியார் தாளத்தில் தாங்கிப் பிடிப்பார், அவன் இடத்தில் இறங்கி ஆட மாட்டார். எங்கள் விதி கேட்கிற எல்லை இதேதான். படித்ததும் முடிவே செய்துவிட்டேன், வரைவிலும் ‘அண்ணாவி’ என்று போட்டுவிட்டேன்.

வள்ளியூரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய பதிலில் அது நின்றுபோயிற்று.

> எங்கள் பள்ளியில் கணினி வகுப்பு எடுப்பது நான். என்னை அண்ணாவின்னு சொன்னா பிள்ளைய சிரிச்சே வகுப்பை முடிச்சிரும். போதாக்குறைக்கு எங்க தெருவில் மளிகைக்கடை அண்ணாச்சி வேற இருக்காவ. அண்ணாச்சி, அண்ணாவி, எதைக் கூப்பிட்டா யார் திரும்புவாங்கன்னு தெரியாது.

இதற்கு அண்ணாச்சியிடமிருந்து பதில் வரவில்லை. எனக்கும் பதில் இல்லை. எங்கள் பட்டியலில் இருக்கும் பள்ளிகளில் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் டீச்சர்கள். அண்ணன் என்ற வேரில் முளைத்த சொல்லை அவர்கள் மேல் ஒட்டவைக்க முடியாது. ‘ஆசான்’ என்று ஒருவர் சொன்னார். இங்கே தெற்கே சிலம்பத்துக்கும் வர்மத்துக்கும் ஆசான் உண்டு, கம்பீரமான சொல், ஆனால் அதே இடத்தில்தான் முட்டுகிறது. கூத்தைப் பற்றி எழுதும்போது அண்ணாவி நமக்குக் கண்டிப்பாக வேண்டும், அங்கே அது இருக்கட்டும்.

இப்போது என் பரிந்துரை: கருத்தாளர். முழுதாகச் சொன்னால் ‘அணிக் கருத்தாளர்’.

இது நான் கட்டிய சொல்லல்ல. ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த எவரும் இதை அறிவார். ரிசோர்ஸ் பெர்சன் (பயிற்சி வகுப்பில் பேச வருகிறவர்) என்பதற்குத் தமிழகக் கல்வித் துறையில் பல காலமாக ஓடுகிற சொல், மாவட்டக் கருத்தாளர், மாநிலக் கருத்தாளர் என்றெல்லாம் பிரிவுகூட உண்டு. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆசிரியருக்கு மரியாதைக் குறைவும் இல்லை. எல்லாவற்றையும்விட, எல்லை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: கருத்துச் சொல்கிறவர், அவ்வளவுதான். “கருத்தாளர் நிரல் எழுதினார்” என்று சொல்லிப் பாருங்கள், சொல்லும்போதே உறுத்தும். “பயிற்சியாளர் நிரல் எழுதினார்” என்பது உறுத்தவே உறுத்தாது.

> பயிற்சி வகுப்பில் கருத்தாளர் என்றால் மேடையில் படக்காட்சி போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் தூங்கவைக்கிறவர். அந்தப் பெயரை எதற்கு?

கோவை நண்பரே, உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வருவதில்லையே. அவர்களுக்கு இந்தச் சொல் புதிது, பழைய தூக்கம் அதோடு ஒட்டியிருக்காது. ஆசிரியர்களுக்கோ பழகியது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சென்னையிலிருந்து ஒருவர், வெளியாள்தான் கருத்தாளர், சொந்தப் பள்ளி ஆசிரியரை அப்படிச் சொல்வதில்லை என்றார். உண்மை. ‘அணி’ என்ற முன்னொட்டு அதற்காகத்தான். அவர் அந்த அணிக்கு உரியவர் என்பது தெரிந்துவிடும். விதியில் முதல் முறை அணிக் கருத்தாளர், பிறகு வெறும் கருத்தாளர்.

விதியின் வரைவு இது. சொல்லை இதற்குள் வைத்துப் பாருங்கள், தனியாகப் பார்த்தால் எந்தச் சொல்லும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும்:

“ஒவ்வோர் அணிக்கும் ஓர் அணிக் கருத்தாளர் இருப்பார். அவர் அதே பள்ளியில் பணிபுரியும் ஆசிரியராக இருக்க வேண்டும். அணி கேட்பதை அவர் விளக்கலாம், கற்பிக்கலாம், பிழை எங்கே என்று சுட்டலாம். தளத்தில் இடம்பெறும் எழுத்து, படம், ஒலி, நிரல் எதையும் அவர் உருவாக்கவோ திருத்தவோ கூடாது. நடுவர் கேட்கும் சிறு மாற்றத்தை அணியினர் கருத்தாளர் உதவியின்றிச் செய்துகாட்ட வேண்டும்.”

இதைப் படித்துவிட்டு வள்ளியூர் ஆசிரியை இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள். கடவுச்சொல் யாரிடம் இருக்கலாம்? கருத்தாளரிடம் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கப் பல சேவைகள் விடுவதில்லை, ஆகவே கணக்கு பெரியவர் பெயரில்தான் இருக்கும். கணக்கு அவருடையது, வேலை பிள்ளைகளுடையது. இதைத் தனி வரியாகச் சேர்க்கிறேன். அப்புறம், எழுத்துப்பிழை. ‘கோரை’யைப் பிள்ளை ‘கோறை’ என்று போட்டிருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? வேண்டாம். பக்கத்தை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவில் வட்டம் போடுங்கள். வட்டம் மட்டும். சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதாதீர்கள். தளத்தில் மாற்றுவது பிள்ளையின் கை. நடுவர் குழுவிலும் இதற்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

மற்ற விதிகளில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டும். வானவில், பாமினி போன்ற ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பக்கம் வேறு கணினியில் கொட்டிக் கவிழ்த்தது போலத் தெரியும், நடுவர் படிக்க மாட்டார். படங்களுக்கு எடுத்த இடம் குறிக்க வேண்டும். ‘நன்றி: கூகுள்’ செல்லாது. கூகுள் தேடித் தந்ததே தவிர, நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை அது போய்ப் படம் பிடிக்கவில்லை, பிடித்தவர் பெயரும் அவர் தந்த உரிமமும் வேண்டும். தாமிரபரணிப் படம் என்றால் வீட்டில் இருக்கும் கைப்பேசியில் பிள்ளையே எடுத்துவிட்டுப் போகட்டும், ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. கடைசி நேரம் முடிந்த பிறகு தளத்தைத் தொடக் கூடாது, நடுவர்கள் பார்த்து முடிக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஃப்ரீஸ். ‘உறைநிலை’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் உறை ஊற்றுவது பாலுக்கு. ராத்திரி உறை ஊற்றினால் காலையில் பால் பாலாக இருக்காது. மாறக் கூடாது என்பதற்கு மாறுகிற வேலையின் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிறதே என்று வாதாடலாம், வாதாடுங்கள். ‘முடக்கம்’ கூடவே கூடாது, செய்தித்தாளில் தளம் முடக்கம் என்றால் யாரோ புகுந்து கெடுத்தது, அல்லது அரசு தடுத்தது. இப்போதைக்கு வரைவில் ‘திருத்தத் தடை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். “திருத்தத் தடை தொடங்கிய பின் மாற்றப்பட்ட தளம் போட்டியில் சேராது.” அழகில்லை, ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டியிருக்காது.

இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். கருத்தாளருக்கு எதிர்ப்பு இருந்தாலும் அதற்குள் சொல்லிவிடுங்கள், அதிலும் முக்கியமாக டீச்சர்கள். அண்ணாச்சி கோபத்தில் இல்லை என்றால் ஒரு வரி போடவும்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து